சகாயராணியும் குருவிநத்தம் பாலும்

அருள்மொழி மெஷின் அறைக்குள் போன மறுநிமிடம் சகாயராணியின் கை மேசையின் அடி டிராயருக்குப் போகும். அங்கேயிருந்து ஒரு பருத்தித் துணி வெளியே வரும். பீக்கரின் வெளிப்புறத்தை அதனால் அழுத்தித் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, எங்கோ ஒரு விரல் ரேகை தெரிகிறதென்று மறுபடியும் துடைப்பாள். அருள்மொழியின் செருப்புச் சத்தம் திரும்பி வருவதற்குள் துணி டிராயருக்குள் போயிருக்கும். அவள் கையில் டிஷ்யூ பேப்பர் ஒன்று யோக்கியமாக இருக்கும்.

பேப்பரால்தான் துடைக்க வேண்டும், ஒருமுறை துடைத்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பது சோதனைக்கூடத்தின் விதி. போன ஆடிட்டில் சொல்லி, சுவரில் எழுதி ஒட்டியும் விட்டார்கள். சகாயராணிக்கு அந்தப் பேப்பர்மேல் மரியாதை கிடையாது. "அதுல தொடச்சா தொடச்ச மாதிரியா இருக்குது? பஞ்சு பஞ்சா ஒட்டிக்குது. நம்ம பொடவத் துணி மாதிரி வருமா?" என்பாள். நாற்பத்தாறு வயதில், அதுவும் பதினாலு வருடமாகச் செய்கிற வேலையில், துடைப்பது எப்படி என்று ஒரு காகிதம் தனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது அவள் கட்சி.

வில்லியனூரைத் தாண்டிப் பத்துக்கண்ணு போகும் சாலையில், ஒரு காலத்தில் அரிசி மில்லின் குடோனாக இருந்த கட்டடம் அது. சாப்பாட்டுப் பொருளில் கதிரியக்கம் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே தொழில். வெளிநாட்டுக்குப் போகும் இறால், மிளகு, முந்திரி, குழந்தை மாவு செய்யும் கம்பெனி வாங்கும் பால் எல்லாம் அங்கே வந்து சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். குடோனின் நடுவில் ஒன்றரை டன் ஈயத்தாலான பெட்டி ஒன்று நிற்கிறது. அந்தக் கனத்தை மாடிக் கட்டடம் எதுவும் தாங்காது என்பதால்தான் நெல் மூட்டை தாங்கிப் பழகிய இந்தத் தரையை முதலாளி அரிகரன் தேடிப் பிடித்தார். ஈயப் பெட்டிக்குள் டிடெக்டர் இருக்கிறது. அடியில் குழிவுள்ள பீக்கரைக் குல்லா மாட்டுவது போல அதன் தலையில் உட்கார வைத்து மூடிவிட்டால், பீக்கரிலிருந்து வரும் கதிர்களை அது ஒவ்வொன்றாக எண்ணும். எண்ணியதையெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டுக் காட்டும். எந்த இடத்தில் மேடு எழும்புகிறதோ அதை வைத்து எந்தப் பொருள் என்று சொல்லிவிடலாம்.

அந்தக் கோட்டைப் படித்துச் சொல்வது அருள்மொழியின் வேலை. பௌதிகம் படித்த பெண். வந்து மூன்று வருடம் ஆகிறது. பெட்டிக்குள் போவதற்கு முன்னால் உள்ள அத்தனையும் சகாயராணியின் வேலை. மீனை முள் நீக்கி அரைப்பாள். கீரையை மண் போகக் கழுவிக் காயவைத்துப் பொடிப்பாள். பாலைக் கலக்கிப் பீக்கரில் கோடு வரைக்கும் நிரப்பி, மூடி, எடை போட்டுத் துடைத்து நீட்டுவாள். பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். கடலூர்ப் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகையில் விரல் வெந்து புண்ணாகிக் கிடந்தபோது, கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு இங்கே வந்தாள். முதல் வருடத்திலேயே துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு பீக்கரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

திரையைப் படிக்கவும் அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லித்தரவில்லை, அருள்மொழியின் தோளுக்குப் பின்னால் நின்று நின்று வந்த படிப்பு. வலது பக்கம் ஓரமாக எப்போதும் எழும்பி நிற்கும் பொட்டாசியத்துக்கு அவள் வைத்த பெயர் வூட்டுக்காரரு. பாலோ மீனோ வாழைப்பழமோ, எதை வைத்தாலும் அது இருக்கும். இயற்கையாக உள்ளது, கெடுதல் இல்லை. சீசியம் என்றால் வெளியூர்க்காரன். அது வந்தால் அந்தச் சரக்குக்குச் சீட்டு கிடையாது. அயோடினை எட்டு நாள் விருந்தாளி என்பாள். எட்டு நாளில் பாதியாகிவிடும், இன்னும் எட்டு நாளில் அதிலும் பாதி. "வந்தா இருக்கறது தெரியாம போயிடும். ஆனா வந்துதுன்னா வந்துதுதான். அதுவும் பால்ல வரவே கூடாது, கொழந்தங்க குடிக்கறது," என்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு சொல்வாள்.

மாதா கோயிலில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். அங்கே வேலை செய்கிறாயே, உனக்கு ஒன்றும் ஆகாதா? "நானு பால கலக்கறேன், மீன அரைக்கறேன். குண்டா செய்யறேன்?" என்று கேட்டு அவர்களை வாயடைத்துவிடுவாள்.

வேலையில் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். காத்திருப்பது. பெட்டியை மூடிவிட்டால் பத்தாயிரம் விநாடி எண்ண வேண்டும், அதாவது இரண்டே முக்கால் மணி நேரம். அருள்மொழி நாற்காலியில் சாய்ந்து எதையாவது படிப்பாள். சகாயராணிக்கு உட்கார வராது. மூடிகளை அளவு வாரியாக அடுக்குவாள். அடுக்கியதைக் கலைத்து எண்ணிப் பார்ப்பாள். வாசலுக்குப் போய் ஆட்டோவில் சாம்பிள் ஏதாவது வருகிறதா என்று ரோட்டைப் பார்ப்பாள். திரும்பி வந்து, "எவ்ளோ ஆச்சு?" என்பாள். "அக்கா, போய் நாலு நிமிஷம்தான் ஆவுது." மதியச் சாப்பாட்டைக் கூட ஜன்னல் திட்டில் டப்பாவை வைத்து நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். ஒக்காந்தா முட்டி புடிச்சிக்கும் என்று காரணம் சொல்வாள். அவள் முட்டியில் ஒரு கோளாறும் இல்லை. உட்கார்ந்தால் நினைப்பு வந்துவிடும், அதுதான் கோளாறு.

அந்த வாரம் நினைப்பதற்கு நிறைய இருந்தது. தங்கை உஷாராணிக்குக் கழுத்தில் தைராய்டு புற்று. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். மிச்சம் மீதி இருப்பதைப் பொசுக்க ஒரு மருந்து கொடுத்து, மூன்று நாள் தனி அறையில் வைத்திருந்து, வியாழக்கிழமை அனுப்பிவைத்தார்கள். அந்த மருந்து அயோடின்தான். சகாயராணி திரையில் பார்த்து முகம் சுளிக்கும் அதே அயோடின், பல கோடி மடங்கு. இன்னும் ஒரு வாரத்துக்கு எச்சில், வியர்வை, சிறுநீர் எல்லாவற்றிலும் வரும், சின்னப் பிள்ளைகளிடம் நெருங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உஷாராணிக்கு இரண்டும் சின்னப் பிள்ளைகள். அதனால் அவளைச் சோரியாங்குப்பத்தில் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள் அக்கா.

தோட்டத்துப் பக்க அறையை ஒழித்துக் கொடுத்தாள். தனித் தட்டு, தனி டம்ளர், தனி பக்கெட். வாசற்படியில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, "இதான் ரெண்டு மீட்டரு. நீயும் தாண்டி வரக் கூடாது, நானும் தாண்டி வர மாட்டேன்," என்றாள். சாப்பாட்டை முக்காலியில் வைத்துக் கழியால் தள்ளினாள். கணவர் ஆண்டனி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வேடிக்கையாகப் பேசக்கூடியவர். "ஏம்மா, சிங்கத்துக்கு வெக்கற மாதிரி வெக்கறியே," என்றார். உஷாராணி சிரித்தாள். சகாயராணி சிரிக்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் தங்கை அழுதபோதும் அவள் கோட்டைத் தாண்டவில்லை. தாண்டாமல் நின்றது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

"எதுனா வேல குடுக்கா. சும்மா ஒக்காந்துகினு இருந்தா பைத்தியம் புடிக்கும் போல இருக்குது," என்றாள் உஷாராணி. அக்காவின் தங்கைதானே.

"ஒரு வேலையும் வேணாம். நீ எதையும் தொடாம இருக்கறதே எனக்கு பெரிய வேல."

இது இப்படி இருக்க, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்த சகாயராணி, கொல்லைத் திண்டில் ஒரு துணிக்கட்டைப் பார்த்தாள். துடைக்கும் துணிக்காகத் துவைத்துக் கொடியில் போட்டிருந்த அவளுடைய பழைய புடவை, கைக்குட்டை அளவில் துண்டு துண்டாகக் கிழிக்கப்பட்டு, ஓரம் பிசகாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இருபது வருடத்தில் முதல் தடவையாகப் புருஷன் சொல்லாமலே ஒரு வேலை செய்திருக்கிறார் என்று நினைத்தாள். வாயால் பாராட்டினால் ஏறிக்கொள்வார் என்று ராத்திரி மீன் குழம்பில் இரண்டு துண்டு கூடுதலாக வைத்தாள். அவரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை கிருமாம்பாக்கம் பால் வந்தது. நைந்துபோன பழைய துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். சுத்தம். அந்தத் துணியைக் குப்பையில் போட்டுவிட்டு, சாயங்காலம் புதுக்கட்டை டிராயரில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை குருவிநத்தம் சொசைட்டியின் பால் வந்தது. நாற்பது வீட்டு மாட்டுப் பால் சேரும் கேனிலிருந்து எடுத்தது. அருள்மொழி மெஷின் அறைக்குள் போனாள், புதுத் துணி வெளியே வந்தது, பீக்கர் பளபளத்தது.

இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து அருள்மொழி கூப்பிட்ட குரலே சரியில்லை. திரையில் இடது பக்கம், இருக்கக் கூடாத இடத்தில், ஒரு மேடு நின்றது. எட்டு நாள் விருந்தாளி.

அருள்மொழி கெட்டிக்காரி. முதலில் அவள் சந்தேகப்பட்டது சகாயராணியைத்தான். "அக்கா, தங்கச்சி வூட்ல இருக்காங்கன்னு சொன்னீங்களே, கொஞ்சம் நில்லுங்க," என்று கதிரியக்கம் காட்டும் கையடக்க மீட்டரைக் கொண்டுவந்து தலையிலிருந்து கால் வரைக்கும் காட்டினாள். கை, புடவை, செருப்பு எல்லாம் சுத்தம். துடைக்கும்போது மாட்டியிருந்து கழற்றிப் போட்ட கையுறை மட்டும் அதற்குள் குப்பை வண்டியில் போய்விட்டிருந்தது. "பாத்தியா? நான் ரெண்டு மீட்டருன்னா ரெண்டு மீட்டருதான்," என்றாள் சகாயராணி, சற்றுப் பெருமையாகவே. மேசை, தரை, அலமாரி, பீக்கர் அடுக்கு எல்லாவற்றின் மேலும் மீட்டர் போனது. அடி டிராயர் பக்கம் வந்தபோது சகாயராணி அதன் முன்னால் நகர்ந்து நின்றுகொண்டாள். திருட்டுத் துணி வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. மீட்டர் அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

புதன்கிழமை அதே பாலை வேறொரு பீக்கரில் நிரப்பி மறுபடியும் பார்த்தார்கள். நிரப்பியவள் சகாயராணி. துடைத்தவளும் அவள்தான். மறுபடியும் அதே மேடு. காலிப் பெட்டியை ஓட விட்டுப் பார்த்தபோது ஒன்றும் இல்லை. அப்படியானால் குற்றம் பாலில்தான் என்றாகிவிட்டது. அரிகரன் குழந்தை மாவுக் கம்பெனிக்குத் தகவல் சொன்னார். முடிவான அறிக்கை வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, அதுவரைக்கும் கொள்முதல் வேண்டாம் என்று ஏற்பாடு. வியாழக்கிழமை காலை குருவிநத்தத்துக்குப் பால் வண்டி வரவில்லை.

அன்றைக்கு மட்டும் சகாயராணிக்கு ஆறு போன் வந்தது. குருவிநத்தத்து ஆண்டாள் போனிலேயே கத்தினாள். ஆண்டாளுக்கு மூன்று கறவை மாடு. சாம்பிள் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்துப் பழக்கம்.

"இன்னா சகாயம், எங்க பால்ல குண்டு மருந்து இருக்குதுன்னு சொல்லிட்டீங்களாம்? மாடு இன்னா பாவம் பண்ணுச்சு? காலைல கறந்தத சாக்கடைல ஊத்தினேன். என் பேரப்புள்ளைக்கு குடுக்க எனக்கே கை வரல."

"இருங்கக்கா, இன்னும் முடிவு ஆவல," என்றாள் சகாயராணி.

"முடிவு ஆவறதுக்குள்ள தரகன் வந்து நிக்கறான். மாட்ட பாதி வெலைக்கு கேக்கறான். சொசைட்டில பாதி பேரு ஓட்டிட்டுப் போயிடுவாங்க போல இருக்குது."

போனை வைத்தபின் அவள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மெஷின் அறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். மாடு தின்பது கிருமாம்பாக்கத்திலும் புல்தான், குருவிநத்தத்திலும் புல்தான். அயோடின் வானத்திலிருந்து விழுந்திருந்தால் இரண்டு ஊரிலும் விழுந்திருக்க வேண்டும். வெளியூர்க்காரன் சீசியம் துணைக்கு வராமல் அயோடின் மட்டும் தனியாக வருவானேன்? "அது பால்ல இல்லம்மா. எனக்கு தெரியுது, சொல்லத் தெரில," என்று அருள்மொழியிடம் நாலு தடவை சொன்னாள். "ரெண்டு தடவ பாத்தாச்சேக்கா," என்றாள் அருள்மொழி. அவளும் பாவம், தூங்காத கண்ணோடு இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அருள்மொழி சாப்பிடப் போன நேரத்தில், சும்மா இருக்க முடியாமல் மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டாள் சகாயராணி. ஜன்னல் திட்டு, தண்ணீர்க் குழாய், தன் சாப்பாட்டு டப்பா என்று கண்ணில் பட்டதன் மேலெல்லாம் காட்டிக்கொண்டே வந்தாள். டிக், டிக் என்று அது வழக்கம்போல நிதானமாகத் தட்டியது. மேசையில் பால் கறை ஒன்று தெரிந்தது. துடைப்பதற்காக, மீட்டரை இடது கையில் பிடித்தபடியே, வலது கையால் அடி டிராயரை இழுத்தாள்.

மீட்டர் படபடவென்று பொரிந்தது.

துணிக்கட்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மூலை மட்டும் கசங்கிப் பிசிர் பிசிராக இருந்தது. பல் பட்ட இடம். துணியைக் கிழிக்க ஆண்டனி கத்திரிக்கோல் தேடுவார், அது கிடைக்கவில்லையென்றால் கிழிக்கவே மாட்டார். ஓரத்தைக் கடித்து ஒரு வெட்டு விட்டு, சர்ரென்று இழுக்கிற ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

"உஷா, அந்தப் பொடவய யாரு கிழிச்சது?" என்று போனில் கேட்டாள்.

"நான்தாங்கா. தோட்டத்துக் கதவாண்ட கொடில இருந்துச்சா, சரி அக்காவுக்கு ஒரு வேல மிச்சமாவட்டுமேன்னு. மாமா சொல்லலியா?" பிறகு குரல் தாழ்ந்தது. "ஏங்கா, எதுனா ஆச்சா?"

புற்று வந்த நாளிலிருந்து தான் எல்லோருக்கும் பாரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவள் தங்கை.

"ஒண்ணும் ஆவல. நல்லா கிழிச்சிருக்கேன்னு சொல்லத்தான் கூப்ட்டேன். சாப்ட்டியா?" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினாலு வருடச் சுத்தம், சாக்பீஸ் கோடு, கழியால் தள்ளிய சாப்பாட்டுத் தட்டு எல்லாம் நினைவுக்கு வந்து அவமானமாக இருந்தது. மறைப்பதா வேண்டாமா என்ற யோசனை ஒரு நிமிடம் வராமல் இல்லை. துணியை எரித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் நாலு மணி அறிக்கை போய்விடும். துணிக்கட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, சாப்பிட்டுக்கொண்டிருந்த அருள்மொழியின் முன்னால் கொண்டுபோய் நின்றாள். "பால் இல்லம்மா. நான்தான்."

துணியில் ஒரு துண்டைப் பெட்டிக்குள் வைத்த ஒரே நிமிடத்தில் மேடு திரையின் உச்சிக்குப் போனது. வெறும் தண்ணீர் நிரப்பிய பீக்கரை அதே துணியால் துடைத்து வைத்தபோது ஐந்தே நிமிடத்தில் தண்ணீரும் குற்றவாளி ஆனது. குருவிநத்தம் பாலைத் துடைக்காத புதுப் பீக்கரில் ஊற்றி வைத்து, நாலு மணி வரைக்கும் எண்ண விட்டார்கள். வலது ஓரத்தில் வூட்டுக்காரரைத் தவிர யாரும் இல்லை.

அரிகரன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. அருள்மொழியைக் கூப்பிட்டு, கம்பெனிக்கு இரண்டு வரி அடிக்கச் சொன்னார். மறுபரிசோதனையில் அயோடின் இல்லை, நாளை முதல் பால் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

"ஊருக்கு இன்னா சார் சொல்றது? எதனால வந்துதுன்னு?" என்றாள் சகாயராணி.

"ஒண்ணும் சொல்ல வேணாம். செவ்வாய்க்கிழம ஆடிட். பதினோரு பேரு சம்பளம் இதுல இருக்குது. இந்த எடத்துலயே அழுக்குன்னு வெளிய தெரிஞ்சா எவன் சாம்பிள் அனுப்புவான்?" என்ற அரிகரன், கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பதினாலு வருஷம் இருந்திருக்க. அதனால சொல்றேன். இந்தச் செவத்த தாண்டிப் போச்சுன்னா, திங்கக்கிழம நீ வர வேணாம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. "செரி சார்," என்று சொல்லிவிட்டுத் தன் டப்பாவைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். கரிக்கலாம்பாக்கம் வரைக்கும் அந்த 'செரி சார்' உண்மையாகவே இருந்தது. பால் வண்டி நாளைக்கு வரப்போகிறது, பிறகென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாகூர் ஏரிக்கரையில் ஆண்டாளின் போன் வந்தது. வண்டியை ஓரம் கட்டி எடுத்தாள்.

"இன்னிக்கி இல்லன்னு சொல்றாங்களாமே? நேத்து இருந்துச்சு, இன்னிக்கி எங்க போச்சு? காசு குடுத்து மாத்திட்டாங்கன்னு பேசறாங்க. என் மருமவ புள்ளைக்கு பாக்கெட் பால் வாங்கியாந்துட்டா."

சோரியாங்குப்பத்துக்குத் திரும்பும் இடத்தில் அவள் திரும்பவில்லை.

குருவிநத்தம் சொசைட்டியில் சாயங்காலப் பால் நேரம். வழக்கமாகக் கேன்களின் சத்தத்தில் காது அடைக்கும். அன்றைக்கு ஏழெட்டுப் பேர்தான் தூக்கோடு நின்றார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். காரியதரிசி கண்ணையன் கம்பெனியின் செய்தியைப் போனில் காட்டிக்காட்டிப் பார்த்தார், யாரும் நம்புவதாக இல்லை. சகாயராணி ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

அவள் அம்மா கூலிக்குக் களை எடுத்த வயல்கள் இந்த ஊரைச் சுற்றித்தான் இருக்கின்றன. தன் கையால் பால் கெட்டது என்று அவள் இங்கே சொன்னால் அது எந்தெந்தக் காதில் எப்படி விழும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பால் நல்ல பால்," என்றாள். "தப்பு எங்க லேப்ல. நான்தான் பண்ணேன். வூட்லேந்து எடுத்தாந்த துணியால பீக்கர தொடச்சேன். ஒரு வைத்தியத்துக்கு குடுத்த மருந்து அந்தத் துணில ஒட்டிக்கினு இருந்துச்சு. அதான் மெஷின்ல காட்டிச்சு. ஒங்க மாட்டுக்கு ஒண்ணும் இல்ல, புல்லுக்கு ஒண்ணும் இல்ல. தைரியமா குடிங்க."

பின்னாலிருந்து ஒருவர், "ஆரு வூட்டுத் துணி வந்து நம்ம பால்ல பட்டுதாம் பாரு," என்றார். சகாயராணி கேட்காத மாதிரி நின்றாள்.

ஆண்டாள் முன்னால் வந்தாள். "நீ சொல்ற, நான் நம்பறேன். ஆனா வாயால சொன்னா எத்தினி பேருக்குப் போய்ச் சேரும்? நாளைக்கி நீயே நான் அப்டி சொல்லலன்னுட்டா? எழுதிக் குடு."

"லேப்ல எழுதித் தர மாட்டாங்கக்கா."

"அப்ப இன்னாத்த சொல்றது போ," என்று தூக்கை எடுத்துக்கொண்டு ஆண்டாள் திரும்பினாள்.

சொசைட்டிச் சுவரில் அன்றாடம் கொழுப்பின் அளவும் விலையும் எழுதும் கரும்பலகை இருந்தது. வியாழக்கிழமையிலிருந்து அதில் 'கொள்முதல் நிறுத்தம்' என்ற இரண்டு சொற்கள்தான். சகாயராணி கண்ணையனிடம், "சார், சாக்பீஸ் குடுங்க," என்றாள். அவர் தயங்கினார். "இன்னாம்மா எழுதப் போற? ஒனக்கு வேல போயிடப் போவுது," என்றார் தணிந்த குரலில். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கொடுத்தார்.

அந்த இரண்டு சொற்களுக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதினாள். குருவிநத்தம் பாலில் குறை இல்லை. சோதனையில் நடந்த தவறு என்னுடையது. இப்படிக்கு, சகாயராணி, சோரியாங்குப்பம். எழுதிவிட்டு இரண்டடி தள்ளி நின்று படித்தாள். திரும்பிப் போன ஆண்டாளும் நின்று படித்துக்கொண்டிருந்தாள். சகாயராணி மறுபடியும் பலகையிடம் போய், பெயருக்குக் கீழே தன் செல்போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாக எழுதினாள். கடைசி எண் ஏழு. அது ஒன்றைப் போலத் தெரிந்தது. விரலால் அதை அழித்துவிட்டு, ரோட்டில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதினாள்.